டெல்னா பிடித்த ஆள்

"டீச்சர், என் ஆளு அடிக்கவே இல்ல."

ஆலப்பறம்பு பகவதி கோயிலின் மகர மாதத் திருவிழாவில் பஞ்சாரி மேளம் அப்போதுதான் முடிந்திருந்தது. மேளக்காரர்கள் துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நீர்மோருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கோயில் மைதானத்தின் பின்பக்க மதிலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாங்கள் குறிவைத்துக் கேட்ட மேளக்காரரைப் பற்றிச் சொல்லி முடித்தபின், கடைசியில் இருந்த டெல்னா இதைச் சொன்னாள். பேக்கரி வர்கீஸின் மகள், இரண்டாம் வகுப்பு. கேட்டால் மட்டும் பேசுகிற பிள்ளை.

சுலோசனா டீச்சருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. செண்டையும் கொம்பும் குழலும் இலத்தாளம் என்கிற வெண்கலக் கைத்தாளமுமாக நூற்றுக்கு மேல் ஆட்கள் நின்று பொளந்து கட்டிய மேளம். எவனாவது நடுவில் வெற்றிலை போட ஒதுங்கியிருப்பான் என்று நினைத்து, "எது உன் ஆளு, காட்டு பாப்போம்" என்றாள்.

டெல்னா விரலை நீட்டினாள். மதிலுக்கு நேர் கீழே, இலத்தாளக்காரர்களின் கடைசி வரிசையில், அரசமரத்துப் பக்கம் நின்றிருந்த பெரிய காதுக்காரர். தோளில் பூசிய சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"நம்ம சேது மாமன், டீச்சர். கை மட்டும் வருது. சத்தம் வரல."

சேது மாமன் என்றால் சேதுமாதவன். சுலோசனா டீச்சரின் கணவர்.

பிள்ளைகள் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். மறுகணம் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நீ ஒழுங்கா கேக்கல. இத்தனை சத்தத்துல உனக்கு என்ன தெரியும்? தப்பா கேட்டுட்டு வந்து பேசாத."

டெல்னா விரலை மடக்கிப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டாள்.

இதில் என்ன பெரிய அதிர்ச்சி என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். சுலோசனாவின் கதை தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மேளம் என்றால் பைத்தியம். ஆனால் காதால் கேட்பதைவிடக் கையால் கேட்பவர்கள்தான் அதிகம். முன்னணிச் செண்டைக்காரர்களுக்கு எதிரே முண்டியடித்து நின்று, தாளத்துக்குத் தாளம் கையை வானத்துக்கு வீசுவார்கள். பக்கத்துக்காரன் கை ஏறினால் தன் கையும் ஏறும். அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது. சுலோசனா பிறந்த வீடு கோயில் மைதானத்தை ஒட்டியே இருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் பின்பக்க மதிலில் உட்கார்ந்துதான் மேளம் பார்ப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் பேர்போன ஆட்களின் முகம் தெரியாது. கடைசி வரிசை இலத்தாளக்காரர்களின் முதுகும் முழங்கையும்தான் தெரியும். சுலோசனா அதையே கேட்டு வளர்ந்தாள்.

கேட்டுக் கேட்டு அவளாகவே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். கண்ணை மூடிக்கொள்வது, அத்தனை சத்தத்திலிருந்து ஒரே ஒருவனைக் காதால் பிடிப்பது, மேளம் முடியும்வரை அவனை விடாமல் வைத்திருப்பது. ஒரு வருடம் அப்படிப் பிடித்த ஒரு இலத்தாளம் அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டது. மற்றவர்களுடையது மோதியதும் கொஞ்சம் ரீங்கரித்துச் சிதறிப் போகும். இது மோதியபின் சின்னதாக ஒரு இழை இழுத்து, அடுத்த அடி வரும்வரை நின்றது. கண்ணைத் திறந்து, யார் இது என்று பார்த்தாள். கூரை ஓட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிற, பெரிய காதுகளோடு ஒல்லியாக ஒரு பையன். அன்று சாயங்காலமே அப்பாவிடம் போய், கட்டினால் அந்த இலத்தாளக்காரனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். டீச்சர் டிரெய்னிங் முடித்த பெண் ஓட்டுக் கம்பெனிக்காரனைக் கேட்கிறாளே என்று வீடு இரண்டுபட்டது. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சத்தத்தைக் கட்டிக்கொண்டவள் என்று ஊர் இன்றைக்கும் அவளைக் கேலி செய்யும். அவளுக்கு அதில் பெருமைதான்.

பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த விளையாட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் காதுப் பாடம். மேசைக்குப் பின்னால் எதையாவது உருட்டுவாள், கிழிப்பாள், தட்டுவாள்; பிள்ளைகள் என்னவென்று சொல்ல வேண்டும். வராந்தாவில் நடப்பது யார் என்று செருப்புச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். மழை ஓட்டில் விழுகிறதா, வாழையிலையில் விழுகிறதா என்று பிரிக்க வேண்டும். தேறியவர்களைத் திருவிழா சீசனில் மதிலுக்குக் கூட்டிப் போவாள். ஆளுக்கு ஒருவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேளம் முடிந்தபின் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வழுக்கைத் தலை, வேகம் ஏறுகிற நாலாம் காலத்தில் அவசரப்படுகிறான், நீலத்துண்டு கொம்புக்காரனுக்கு மூச்சு பாதியில் தீர்ந்துவிடுகிறது என்று பிள்ளைகள் புட்டுப் புட்டு வைப்பார்கள். அது காதில் விழுந்த மேளக்காரர்கள், உங்க ஒற்றர் படை இருக்கிற பக்கம் நிற்கவே பயமாக இருக்கிறது என்பார்கள். ஹெட்மாஸ்டர் பிரான்சிஸ் மாஷுக்கு இதெல்லாம் பிடிக்காது. மற்ற பள்ளிக்கூடத்தில் கண்ணைத் திறக்கச் சொல்லிப் பாடம் நடக்கிறது, இங்கே மூடச் சொல்லி நடக்கிறது என்பார்.

அந்த விளையாட்டில் டீச்சர் தனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். எந்தப் பிள்ளையிடமும் தப்பாகக் கேட்டுவிட்டாய் என்று சொல்லக் கூடாது. இன்னொரு தடவை கேளு என்றுதான் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காப்பாற்றி வந்த அந்தக் கட்டுப்பாட்டைத்தான் அன்றைக்கு மதில் மேல் உட்கார்ந்து போட்டு உடைத்தாள்.

வீடு திரும்பும்போது சேதுமாதவன் வழக்கம்போல இரண்டடி முன்னால் நடந்தார். இலத்தாளப் பை இடது தோளில் தொங்கியது. எப்போதும் வலது தோளில்தானே போடுவார் என்று நினைத்தாள். எப்போதிலிருந்து மாறியது என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

காலையில் புட்டும் கடலையும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அவர் கையையே பார்த்தாள். புட்டை உதிர்க்க விரல் தடுமாறியது. டீ கிளாஸை எடுக்க இடது கை போயிற்று. இதே மேசையில் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள். இதுவரை கண்ணில் படவே இல்லை.

"ஏட்டா, நேத்து நீங்க தாளம் அடிச்சீங்களா?"

அவர் நிமிரவில்லை. டீயை மேசையில் வைத்தார். "யாரு சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. அடிச்சீங்களா, இல்லையா?"

"இல்ல."

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டதுபோல் ஆயிற்று. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரின் சத்தம்கூட நின்றுபோனதாகத் தோன்றியது.

பிறகு அவராகவே ஒவ்வொன்றாகச் சொன்னார். மணிக்கட்டிலிருந்து பெருவிரல் வரை மரத்துப் போய்க் கிடக்கிறது. தாளத்தைப் பிடிக்க முடிகிறது, மோத முடியவில்லை. மோதினால் பிடி விட்டுப் போகிறது. போன சீசன் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். அதனால் நூலிழை இடைவெளியில் நிறுத்திக்கொள்கிறார். வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். மேளத்தை நடத்துகிற அப்பு மாராருக்கும் தெரியும். வரிசை நிறையணும், சும்மா நில்லு என்று சொல்லிவிட்டார். மேளம் கேட்க வருகிற ஆயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"எனக்கும் தெரியல" என்றாள் சுலோசனா.

"உனக்கும் தெரியல."

அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்து உடம்பு கூசியது. போன வருடம் இதே திருவிழா முடிந்து வரும் வழியில், இன்றைக்கு உங்கள் தாளம் அத்தனை பேருக்கு நடுவிலும் தனியாகக் கேட்டது என்று அவரிடம் உருகி உருகிச் சொல்லியிருக்கிறாள்.

"போன வருஷம் நான் சொன்னேனே. அப்போ?"

"சொன்ன. நான் கிணத்தடிக்குப் போய் முகத்துல தண்ணிய அள்ளி அள்ளி ஊத்திக்கிட்டேன். அழுதது உனக்குத் தெரியக் கூடாதுன்னு." அவர் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்தச் சத்தத்துக்குத்தான நீ என்னக் கட்டிக்கிட்ட. அது போயிடுச்சுன்னு எந்த வாயால சொல்ல?"

சுலோசனாவுக்கு அவர் மேல் கோபம் வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. கோபமெல்லாம் அவளுடைய சொந்தக் காதுகள் மேல்தான். அவர் கை வரும் இடம் அவளுக்கு மனப்பாடம். கை வந்தால் சத்தமும் வந்துவிட்டதாக அவளே போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறாள். முன்வரிசையில் முண்டியடித்துக் கையை வீசுகிறவர்களை இத்தனை காலம் கிண்டல் செய்தவள், தானும் கண்ணால்தான் கேட்டிருக்கிறாள். நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

சேதுமாதவன் ஒன்றே ஒன்று கேட்டார். இரண்டு மாதம் கழித்து வரும் மீன மாதப் பூரத் திருவிழாவரை விட்டுவிடு. வைத்தியர் எண்ணெய் கொடுத்திருக்கிறார், தடவுகிறேன். பூரத்தில் கடைசிக் கலாசத்தில், மேளம் உச்சத்தில் முடிகிற அந்த இடத்தில் மட்டுமாவது, உயிரைக் கொடுத்து மோதிவிட்டு, மரியாதையாக வரிசையை விட்டு இறங்கிவிடுகிறேன். சுலோசனா தலையாட்டினாள். மதிலில் ஒரு பிள்ளை விரலை மடக்கிக்கொண்டது அப்போதும் நினைவுக்கு வந்தது. பூரம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

பிள்ளைகள் நாம் தள்ளிப்போடும்வரை காத்திருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் டெல்னா மாறிப்போனாள். முன்பெல்லாம் மற்ற பிள்ளைகள் கத்தி ஓய்ந்தபின் கடைசியாக ஒரு வார்த்தை சொல்வாள். அது சரியாக இருக்கும். இப்போது பக்கத்தில் இருப்பவர்களின் வாயைப் பார்த்துவிட்டு அவர்கள் சொன்னதையே சொன்னாள். சரி, சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடும் என்று டீச்சர் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பூரத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரொட்டி வாங்க பேக்கரிக்குப் போனாள். வர்கீஸ் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"டீச்சரே, நம்ம மோளுக்குக் காதுல ஏதாவது கோளாறு இருக்குமோ?"

"ஏன் வர்கீஸே, என்ன ஆச்சு?"

"எனக்குக் காது சரியில்லப்பா, தப்புத் தப்பா கேக்குதுன்னு சொல்லிட்டே இருக்கா. முன்னாடி அடுப்புல பன் வெந்துச்சான்னு தட்டைத் தட்டிச் சத்தத்துலயே சொல்லுவா. இப்போ கூப்பிட்டா வர மாட்டேங்குறா. திரிச்சூர்ல காது டாக்டர்கிட்ட காட்டணும்னு இருக்கேன். எந்த டாக்டர் நல்லவருன்னு டீச்சருக்குத் தெரியுமா?"

ஒரு வாக்கியம், கோபத்தில் சொன்ன ஒரே ஒரு வாக்கியம். அதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை தன் காதுகளையே தள்ளி வைத்துவிட்டது. டாக்டரெல்லாம் வேண்டாம், பூரத்துக்கு அவளை என்னோடு அனுப்பு, எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அப்போதும் அவளுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சேதுமாதவன் கலாசத்தில் மோதுவார், பிள்ளை அதைக் கேட்கும், அத்தோடு தீர்ந்துவிடும் என்று குறுக்குவழிக் கணக்குப் போட்டாள்.

பூரத்தன்று வெயில் தணிந்த நேரம். மதிலில் டெல்னாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இன்றைக்கும் சேது மாமனையே பிடித்துக்கொள் என்றாள் டீச்சர். தானும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முதல் காலம் சோம்பலாகத் தொடங்கி, காலத்துக்குக் காலம் சுருங்கி, ஐந்தாம் காலத்துக்கு வந்தபோது மைதானமே எழும்பி எழும்பி உட்கார்ந்தது. கடைசிக் கலாசம் வந்தது. அரசமரத்துப் பக்கத்துக்குக் காதைக் கூர்மையாக்கினாள். இடது பக்கத்து ஆளின் தாளம் கேட்டது. வலது பக்கத்து ஆளின் தாளம் கேட்டது. இருவருக்கும் நடுவில் ஒருவர் நிற்கும் அளவுக்கு ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. கண்ணைத் திறந்தாள். சேதுமாதவன் தோள் குலுங்கக் கையை வீசிக்கொண்டிருந்தார். வெண்கலம் ஒன்றையொன்று தொடவில்லை. இவ்வளவு பெரிய ஓட்டையை எப்படித்தான் இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன் என்று திகைத்துப்போனாள்.

மேளம் முடிந்தது. பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். டெல்னாவின் முறை வந்தது.

"கேட்டுச்சு டீச்சர்" என்றாள் டெல்னா. டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாமன் அடிச்சது நல்லா கேட்டுச்சு. எல்லாரவிடவும் நல்லா கேட்டுச்சு."

சுலோசனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணவன் அடிக்கவில்லை என்று கேட்ட அன்றைக்குக்கூட இப்படி ஆடிப்போகவில்லை. நன்றாகக் கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளைக்குப் பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்தது தான்தான், வேறு யாரும் இல்லை. மதிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி இறக்கினாள். கையைப் பிடித்துக்கொண்டு நேராக மேளக்காரர்களுக்கு நடுவில் போனாள். அந்த மைதானத்தில் ஆண்கள் கூட்டத்துக்குள் அவள் நடந்து போவது அதுதான் முதல் தடவை. சிலர் வழிவிட்டார்கள், சிலர் முணுமுணுத்தார்கள்.

சேதுமாதவன் தாளங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்பு மாரார் பக்கத்திலேயே நின்றிருந்தார். டீச்சர் குரலைத் தாழ்த்தவில்லை.

"டெல்னா, மகரத்துல நீ கேட்டது சரி. மாமன் அடிக்கல. தப்பா கேட்டது நான்தான். உன் மேல எரிஞ்சு விழுந்ததும் நான்தான். இன்னிக்கும் மாமன் அடிக்கல. அடிச்சாருன்னு எனக்காக நீ பொய் சொன்ன. இனி யாருக்காகவும் அப்படிச் சொல்லக் கூடாது."

அப்பு மாரார், டீச்சரே இதெல்லாம் இங்க வேணுமா என்று தொடங்கினார். சேதுமாதவன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிள்ளையின் உயரத்துக்கு வந்தார்.

"நீ சொன்னது சரிதான் மோளே. மாமனுக்குக் கை போச்சு." மரத்துப்போன கையை நீட்டினார். டெல்னா பெருவிரலைத் தொட்டுப் பார்த்தாள். "இத்தனை பேருல நான் அடிக்கலன்னு எப்படி மோளே கண்டுபிடிச்ச?"

டெல்னா டீச்சரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மத்தவங்க அடிச்சு முடிச்ச பிறகு கொஞ்ச நேரம் ம்ம்ம்னு இருக்கும் மாமா. உங்ககிட்ட அது இல்ல."

சேதுமாதவன் அவள் தலையில் கை வைத்தார். ஒருகாலத்தில் மதில் மேலிருந்த ஒரு பெண் அந்த இழைக்காகத்தான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். இப்போது அந்தப் பெண் பக்கத்திலேயே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணிப்பொட்டலத்தை அப்பு மாராரிடம் கொடுத்துவிட்டு அவர் எழுந்தார்.

ஊரில் கொஞ்ச நாள் பேச்சு நடந்தது. கட்டியவனைச் சபையில் வைத்துக் கவிழ்த்தவள் என்று சிலர் சொன்னார்கள். வீட்டில் ஒரு வாரம் இரண்டு பேருமே பேசிக்கொள்ளவில்லை. எட்டாம் நாள், குளித்துவிட்டு வந்த சேதுமாதவன் எண்ணெய்க் கிண்ணத்தை அவள் முன் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். அன்றிலிருந்து தினமும் அவள்தான் தடவி விடுகிறாள். உணர்ச்சி கொஞ்சம் திரும்பியிருக்கிறது. தாளம் பிடிக்கிற அளவுக்கு இல்லை.

அடுத்த வருடம் ஆலப்பறம்பு மேளத்துக்கு அவர் மதிலோரம் பிள்ளைகளோடு வந்து நின்றார். வாழ்நாளில் முதல் தடவையாக, கேட்கிற பக்கம். மேளம் சூடு பிடித்ததும் அடக்க முடியாமல், நல்ல இடது கையைத் தாளத்துக்கு வீசத் தொடங்கினார். அவர் கண்ணில் ஈரம் இருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் சுலோசனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாம் ஒருவழியாக நல்லபடி முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

மேளம் முடிந்ததும் டெல்னா மதிலிலிருந்து குனிந்து அவர் தோளைத் தட்டினாள்.

"மாமா, கை லேட்டா வருது."

சேதுமாதவன் புரியாமல் பார்த்தார்.

"மத்தவங்க சத்தம் வந்த பிறகுதான் உங்க கை வருது. அவங்களப் பார்த்து வீசுறீங்க."

சுலோசனா கணவனைப் பார்த்தாள். அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மோதாமல் நிற்க வேண்டும் என்று இரண்டு சீசனாகப் பக்கத்துக்காரர்களைப் பார்த்துப் பார்த்தே கையை ஓட்டியவருக்குக் காதால் கேட்பதே விட்டுப்போயிருந்தது. கண் கலங்கி நின்ற அந்த மனிதரிடம் அந்த நேரத்தில் அதைச் சொல்லப் பெரியவர்கள் யாருக்கும் மனசு வந்திருக்காது.

"இன்னொரு தடவை கேளு" என்று சுலோசனா மெல்ல டெல்னாவிடம் சொல்லத் தொடங்கினாள்.

"வேணாம்" என்றார் சேதுமாதவன். "அவ சரியாத்தான் கேட்டிருக்கா." மதிலில் கை ஊன்றி ஏறி, டெல்னாவை நகரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "அடுத்த மேளம் எப்போ மோளே? எனக்கும் ஒரு ஆளப் பிடிச்சுக் குடு."